களரும் உவரும்: நிலத்தின் அமில க்ஷார குணங்களைப் பற்றிய விளக்கம்

கோடைக் காலத்தில் அறுவடையான வயல்களின் ஊடே செல்வோர், சில இடங்களில் தரையின்மேல் வெண்மையாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டிருப்பர். அவ்விடங்களில் நட்ட நெல் திட்டுத் திட்டாகப் பழுத்துக் கருகும்; விதைத்த தானியம் முளைத்தும் முளையாமலும் போகும். இத்தகைய நிலத்தைக் குடியானவர்கள் சில ஊர்களில் உவர் என்றும், சில ஊர்களில் களர் என்றும் வழங்குகின்றனர். இவ்விரண்டு பெயர்களையும் வேறுபாடின்றி ஒரே நிலத்திற்குச் சொல்லுவோரும் உண்டு.

பெயரில் ஏற்படும் இக்குழப்பத்தால் பெருந் தீங்கு ஒன்றுமில்லை. ஆயின் வைத்தியத்தில் ஏற்படும் குழப்பம் பணத்தையும் பல வருஷத்து உழைப்பையும் விழுங்கிவிடும். ஒருவர் தம் நிலத்தில் நல்ல ஜலத்தைத் தேக்கி வடித்து இரண்டொரு போகத்தில் நிலத்தைத் திருத்திக்கொள்கிறார். அவரைப் பார்த்து அண்டை வயல்காரரும் அவ்வாறே செய்ய, இவருடைய நிலமோ முன்னிலும் இறுகி, ஜலம் கீழே இறங்காமல் சேறும் பாளமுமாக ஆகிவிடுகிறது. ஒரே வாய்க்கால், ஒரே ஜலம், ஒரே முறை. பலன் மட்டும் நேர் விரோதமானது. இதன் காரணம் தலைவிதியன்று, ரசாயனமே. அமிலம், உப்புமூலம், க்ஷாரம், உப்பு என்னும் நான்கு சொற்களின் பொருளை நன்கு அறிந்துகொண்டால் இக்காரணம் விளங்கும். அதனை இங்கே இயன்ற வரை எளிதாகக் கூறுவோம்.

அமிலமும் க்ஷாரமும்

புளி, எலுமிச்சம்பழம், மோர் ஆகியவற்றின் புளிப்பிற்குக் காரணமாயுள்ள பொருள்களுக்கு அமிலங்கள் என்று பெயர். பித்தளைப் பாத்திரத்தில் ஏறிய களிம்பைப் புளியிட்டுத் துலக்குவதை எல்லோரும் அறிவர். களிம்பு நீரில் கரையாது. புளியின் அமிலத்தில் கரைந்துபோகும். அதனால்தான் பாத்திரம் பளபளக்கிறது. கந்தக அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் முதலியவை கடுமையானவை. உடலிற் பட்டால் புண்ணாக்கும். பழங்களிலும் மோரிலும் உள்ளவை மென்மையானவை.

அமிலத்திற்கு எதிரிடையான குணமுள்ள பொருள்களை உப்புமூலங்கள் என்பர். அமிலத்துடன் சேர்ந்து உப்பை உண்டாக்குதற்கு மூலமாயிருத்தலால் இப்பெயர் பொருந்தும். இரும்பின் துரு ஓர் உப்புமூலம். அமிலத்தில் கரையும், ஆனால் நீரில் கரையாது. நீரில் கரையக்கூடிய உப்புமூலங்களுக்கு மட்டும் க்ஷாரம் என்று பெயர். நீற்றின சுண்ணாம்பின் தெளிவு நீர், சோப்புச் செய்ய உதவும் காஸ்டிக் சோடாவின் கரைசல் ஆகியவை க்ஷாரங்கள். ஆகவே க்ஷாரம் அனைத்தும் உப்புமூலமே. உப்புமூலம் அனைத்தும் க்ஷாரமன்று. க்ஷாரத்தைக் காரம் என்று எழுதுவதும் உண்டு. அதனை மிளகாயின் உறைப்பென்று மயங்கலாகாது. க்ஷாரத்தின் அடையாளம் விரலில் தொட்டால் வழுவழுப்பாயிருப்பது. விறகுச் சாம்பலை ஊறவைத்துத் தெளித்த நீரிலும் இவ்வழுவழுப்பைக் காணலாம். ஐரோப்பிய பாஷைகளில் க்ஷாரத்திற்கு வழங்கும் பெயர், செடிகளின் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்தே பிறந்தது.

அமிலமும் க்ஷாரமும் தக்க அளவில் கலக்கும்போது ஒன்றன் குணத்தை மற்றொன்று அழித்துவிடும். 40 பங்கு காஸ்டிக் சோடாவும் 36½ பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் 58½ பங்கு சாப்பாட்டு உப்பும் 18 பங்கு ஜலமும் உண்டாகின்றன. தனித்தனியே தோலைப் பொசுக்கும் இரண்டு பொருள்கள் கூடி, நாம் சோற்றில் இட்டுக்கொள்ளும் உப்பாக மாறுவது வியப்பே. அளவு சிறிது பிசகினால், மிஞ்சிய பொருளின் குணம் அப்படியே நிற்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உப்புக்கள் யாவும் நடுநிலையான குணமுடையன அல்ல. கடுமையான க்ஷாரமும் கடுமையான அமிலமும் சேர்ந்த சாப்பாட்டு உப்பு நடுநிலையானது. கடுமையான க்ஷாரமும் மென்மையான கரியமில அமிலமும் சேர்ந்த சலவைச் சோடாவோ, பெயரளவில் உப்பேயாயினும், நீரிற் கரைந்தவுடன் க்ஷாரமாகவே வேலை செய்யும். பலமுள்ள பங்காளியின் கை ஓங்குவது போல இங்கே க்ஷாரத்தின் குணம் ஓங்கி நிற்கிறது. முற்காலத்தில் சலவைத் தொழிலாளர் துணி வெளுக்க வாரி வந்த மண்ணில் அழுக்கைப் போக்கியது இச்சோடாவே. இந்த நுட்பத்தில்தான் களருக்கும் உவருக்கும் உள்ள பேதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மஞ்சளும் பி.எச். அளவும்

ஒரு பொருள் அமிலமா க்ஷாரமா என்று அறிய நாவில் வைத்துப் பார்ப்பது ஆபத்து. அதற்குச் சாயப் பொருள்கள் உதவுகின்றன. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி நீராகச் சிவக்கின்றதன்றோ? மஞ்சளிலுள்ள சாயம் க்ஷாரத்தைக் கண்டால் சிவக்கும். எலுமிச்சஞ் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இது சிறந்த ரசாயனப் பரிசோதனையே. பரிசோதனைச் சாலைகளில் இவ்வேலைக்கு லிட்மஸ் காகிதம் முதலியவற்றை உபயோகிக்கின்றனர். லிட்மஸ் அமிலத்தில் சிவக்கும், க்ஷாரத்தில் நீலமாகும்.

நிறம் குணத்தைக் கூறும். அளவைத் திட்டமாகக் கூறாது. அளவைக் குறிக்க 1909-ம் வருஷத்தில் டென்மார்க் தேசத்து ரசாயன நிபுணர் சோரென்சென் என்பவர் பி.எச். என்னும் எண் வரிசையை ஏற்படுத்தினார். சுத்த ஜலத்திற்கு எண் 7. அதற்குக் கீழ் இறங்க இறங்க அமிலம் மிகும். மேலே ஏற ஏற க்ஷாரம் மிகும். எலுமிச்சஞ் சாறு 2-ஐ ஒட்டியும், தெளிந்த சுண்ணாம்பு நீர் 12-க்குச் சற்று மேலும் இருக்கும். பெரும்பாலான பயிர்களுக்கு 6½ முதல் 7½ வரையுள்ள மண் உகந்தது. இவ்வெண்களைப் பார்க்கும்போது ஒன்றை மறவாதிருக்க வேண்டும். ஓர் எண் ஏறினால் க்ஷாரம் பத்து மடங்கு ஏறியதாகப் பொருள். இரண்டு எண் ஏறினால் நூறு மடங்கு. 8½ என்ற மண்ணுக்கும் 9½ என்ற மண்ணுக்கும் வித்தியாசம் ஒன்றுதானே என்று அசட்டையாயிருத்தல் கூடாது.

இரண்டு வியாதிகள்

மண்ணில் சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் குளோரைடும் சல்பேட்டும் மிகுந்திருந்தால் அது உவர் நிலம். இவை நடுநிலையான உப்புக்கள், ஆகையால் பி.எச். 8½-க்கு உட்பட்டே இருக்கும். உப்பு மிகுந்த நீரை வேர் உறிஞ்ச முடியாது; வயலில் ஜலம் நின்றாலும் பயிர் தாகத்தால் வாடும். ஆனால் மண் பொலபொலப்பாயிருக்கும். ஜலம் தடையின்றிக் கீழே இறங்கும். ஆதலின் நல்ல ஜலமும் நல்ல வடிகாலும் கிடைத்தால் உப்பைக் கரைத்து ஓட்டிவிடலாம். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் ஜில்லாவில் கடல் நீர் புகுந்த வயல்கள் பலவற்றில், பின்னர் பெய்த பருவ மழையே உப்பின் பெரும் பகுதியைக் கரைத்துப் போக்கியது.

மண்ணில் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும், அதாவது சோடா இனத்து உப்புக்கள், மேலோங்கியிருந்தால் அது களர் நிலம். இங்கே மொத்த உப்பு மிகுதியாயிருக்க வேண்டுவதில்லை, க்ஷாரமே பகை. பி.எச். 8½-க்கு மேற்பட்டு, சில இடங்களில் 10-ஐயும் கடக்கும். ஈரமானால் வழுக்கும் சேறாகவும், காய்ந்தால் கடப்பாரைக்கும் மசியாத பாளமாகவும் இருக்கும். மக்கிய எருவின் சாரத்தை க்ஷாரம் கரைத்துவிடுவதால் சில களர் நிலங்களின் மேற்பரப்பு கருமையாகத் தோன்றும். கலிபோர்னியாவில் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலங்களை ஆராய்ந்த ஹில்கார்டு என்பவர் இதனைக் கருங்களர் எனப் பிரித்துக் கூறி, ஜிப்சம் இடும்படி உபதேசித்தார்.

மூன்றாவதாக, இரண்டு குணங்களும் கலந்த களர்-உவர் நிலமும் உண்டு. இதுவே மிகவும் ஏமாற்றக்கூடியது. இதன் காரணத்தை இனிக் காண்போம்.

களிமண்ணின் கொடுக்கல் வாங்கல்

1850-ம் வருஷத்தை ஒட்டி இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த தாம்சன் என்னும் நிலச்சுவான்தார், அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்து மண்ணின் வழியே வடித்துப் பார்த்தார். கீழே வடிந்த நீரில் அம்மோனியத்திற்குப் பதிலாகக் கால்சியம் சல்பேட்டு இருந்தது. தாமஸ் வே என்னும் ரசாயன நிபுணர் இதனை விரிவாக ஆராய்ந்து, மண் ஒன்றை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக மற்றொன்றைக் கொடுக்கிறது என்று நிரூபித்தார். களிமண்ணின் நுண்ணிய துகள்கள் தம்மேல் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. சுற்றியுள்ள நீரில் எது மிகுந்துள்ளதோ அதனை ஏற்று, முன்பிருந்ததை விட்டுக்கொடுக்கும்.

துகள்களின்மேல் கால்சியம் மிகுந்திருந்தால் அவை ஒன்றுடன் ஒன்று திரண்டு சிறு பொருக்குகளாகும். இடையே காற்றும் ஜலமும் உலவ வழியிருக்கும். சோடியம் மிகுந்தால் துகள்கள் ஒன்றைவிட்டொன்று விலகி நீரில் மிதந்து, மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். பற்றியுள்ள மொத்தத்தில் சோடியம் 100-க்கு 15-க்கு மேற்பட்டால் நிலம் களராகும் என்பது 1954-ம் வருஷத்தில் அமெரிக்காவின் ரிவர்சைடு உப்புநில ஆராய்ச்சிச் சாலை வெளியிட்ட நூலிலிருந்து பரவிய எல்லை. அந்நூலின்படி, குழைத்த மண்ணிலிருந்து வடித்த சாற்றின் மின்கடத்து அளவு மீட்டருக்கு 4 டெசி சைமனுக்கு மேற்பட்டால் அது உவர்த் தன்மை. சில பரிசோதனைச் சாலைகள் மண்ணில் அதிக நீர் கலந்து அளப்பதால் அவர்களுடைய எல்லை எண் வேறாயிருக்கும். ஆகவே அறிக்கையில் எழுதியுள்ள தீர்ப்பையே கொள்ளவேண்டும்.

களர்-உவர் நிலத்தின் வஞ்சகம் இப்போது விளங்கும். நீரில் உப்பு மிகுந்திருக்கும் வரையில், துகள்களின்மேல் சோடியம் நிறைந்திருந்தாலும் அவை திரண்டே நிற்கும். அந்நிலம் உவர்போலவே பொலபொலப்பாய்த் தோன்றும். உரிமையாளர் நல்ல ஜலத்தை விட்டு உப்பைக் கழுவுகிறார். உப்பு நீங்கியவுடன், மறைந்திருந்த சோடியத்தின் குணம் வெளிப்படுகிறது, துகள்கள் சிதறுகின்றன, துவாரங்கள் அடைபடுகின்றன, நிலம் மூடிக்கொள்கிறது. முதலில் கூறிய அண்டை வயல்காரருக்கு நேர்ந்தது இதுவே. அவர் ஜலத்தை விட்டது பிழையன்று. ஜிப்சம் இடுமுன் விட்டதே பிழை.

ஜிப்சம் செய்யும் வேலை

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டு. இது அமிலமுமன்று, க்ஷாரமுமன்று, நடுநிலையான உப்பு. அப்படியிருக்க, க்ஷாரத்தை அடக்குவது எவ்வாறு? நிலத்திலுள்ள சோடாவும் ஜிப்சமும் தம்முள் பங்கு மாற்றிக்கொள்கின்றன. சோடாவின் கார்பனேட்டுப் பகுதி கால்சியத்துடன் கூடி, நீரிற் கரையாத சுண்ணாம்புக் கல்லாகப் படிந்துவிடுகிறது. சோடியம் சல்பேட்டுடன் கூடி, நடுநிலையான உப்பாகிறது. அவ்வாறே களிமண் துகள்களின்மேலுள்ள சோடியத்தைக் கால்சியம் விரட்டிவிட்டு அவ்விடத்தில் அமர்கிறது. ஜிப்சம் இடுவதால் களர் நிலம் முதலில் உவராக மாறுகிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம். உவரான பின் அதனை ஜலத்தால் கழுவிப் போக்குவது எளிது. ஆகையால் ஜிப்சமின்றிக் கழுவுதல் கேடு. கழுவாமல் ஜிப்சம் மட்டும் இடுதல் வீண்.

கணக்கு அறிய விரும்புவோர், 106 பங்கு சோடாவை மாற்றுவதற்கு 172 பங்கு சுத்தமான ஜிப்சம் வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். கடையிற் கிடைக்கும் ஜிப்சத்தின் சுத்தம் வேறுபடும். 100-க்கு 70 பங்கு சுத்தமானதாயின், ஒரு டன் சுத்த ஜிப்சத்திற்கு ஈடாக ஏறக்குறைய 1,430 கிலோ வாங்கவேண்டும். மூட்டையின் எடையை மட்டும் பார்த்து வாங்குவது சரியன்று. நமது நாட்டிலேயே பெரம்பலூர், அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் பழைய கடற்படிவுக் களிமண் அடுக்குகளில் ஜிப்சம் நரம்பு நரம்பாய் ஓடிக் கிடக்கிறது.

ஜிப்சத்தைச் சுண்ணாம்பென்று எண்ணி, அதற்குப் பதில் சுண்ணாம்பை இடுவோர் உண்டு. இது பெருந் தவறு. இரண்டிலும் கால்சியம் இருப்பது உண்மையே. ஆனால் நீற்றின சுண்ணாம்பு தானே ஒரு க்ஷாரம். களருக்கு அதை இடுவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். சுண்ணாம்புக் கல் தூளோ களர் மண்ணில் கரைவதேயில்லை. பல களர் நிலங்களில் அது கட்டி கட்டியாக ஏற்கெனவே கிடந்தும் பயன்படாதிருக்கிறது. சுண்ணாம்பு தகுந்த இடம் அமில நிலமே. மழை மிகுந்து கால்சியம் கரைந்தோடிய நீலகிரி மலை மண்ணில் உருளைக்கிழங்கு முதலியவை பயிரிடுவோர் சுண்ணாம்பு இடுவது முறை. கேரள நாட்டுக் குட்டநாட்டின் சில வயல்களில், அடியிலுள்ள இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொருள் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாக மாறுவதால் அங்கும் சுண்ணாம்பு அவசியம். மலையில் நன்மை செய்தது என்று கேட்டுச் சமவெளிக் களரில் இடலாகாது.

மண்ணிற் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைப்பதற்கு வேறொரு வழியுண்டு. பசுந்தழை மக்கும்போதும் வேர்கள் சுவாசிக்கும்போதும் கரியமில வாயு உண்டாகிறது. அது நீரிற் கரைந்து மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கால்சியத்தை வெளிப்படுத்தும். களரில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதன் ரகசியம் இதுவே. ஆனால் இது மெதுவாக நடக்கும் வேலை. கடுமையான களரில் ஜிப்சத்திற்குத் துணையாகுமேயன்றி அதற்கு மாற்றாகாது.

குடியானவர் தாமே செய்யத்தக்க பரிசோதனை

ஒரு கண்ணாடிக் குப்பியில் ஒரு பங்கு மண்ணும் ஐந்து பங்கு மழை நீரும் விட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்கவும். கிணற்று நீரை உபயோகிக்கலாகாது. அதிலுள்ள உப்பு முடிவைக் கெடுக்கும். சில மணி நேரத்தில் நீர் தெளிந்தால் சோடியத்தின் சேஷ்டை வெளிப்படவில்லை என்று கொள்ளலாம். மறுநாளும் நீர் கலங்கியே நின்று, அதில் தோய்த்த மஞ்சள் காகிதம் சிவந்தால் அது களர் என்று சந்தேகிக்க இடமுண்டு.

தெளிந்த நீரைக் கண்டு உடனே திருப்தி அடைய வேண்டாம். அந்நீரை மெல்ல இறுத்துவிட்டு, அதே மண்ணில் புதிய மழை நீரை ஊற்றி மறுபடியும் குலுக்கவும். இவ்வாறு மூன்று முறை செய்க. முதல் முறை தெளிந்து, இரண்டாம் மூன்றாம் முறைகளில் கலங்கி நின்றால், அது மேலே கூறிய ஏமாற்றும் களர்-உவர் நிலமாயிருக்கலாம். வயலில் ஒரு வருஷத்தில் நேரக்கூடிய கெடுதலைக் குப்பி மூன்று நாளில் காட்டிவிடுகிறது.

இது சந்தேகத்தை எழுப்புவதற்கே உதவும். எவ்வளவு ஜிப்சம் வேண்டும் என்பதை மண் பரிசோதனைச் சாலையே கூற முடியும். மாதிரி எடுக்கும்போது உப்புப் பூத்த ஏட்டை மட்டும் சுரண்டி அனுப்பலாகாது. வரப்பு, எருக்குழி, மரநிழல் ஆகியவற்றை விலக்கி, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை சரிவாக வெட்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்புக. உரம் இருந்த சாக்கில் கட்டினால் பரிசோதனை வீணாகும். நல்ல வயலும் கெட்ட வயலும் அடுத்தடுத்து இருந்தால் மாதிரிகள் தனித்தனியே இருத்தல் வேண்டும். இறைக்கும் கிணற்று நீரையும் ஒரு சுத்தமான புட்டியில் உடன் அனுப்புக. நிலத்தைத் திருத்திவிட்டுச் சோடா மிகுந்த நீரையே பாய்ச்சினால் களர் மீண்டும் வந்து சேரும்.

சீர்திருத்தும் முறை

முதலில் வடிகால் வெட்டுக. அதன்பின் நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, மட்டமாக்கி, வரப்பை உறுதிப்படுத்துக. மேடு பள்ளம் இருந்தால் பள்ளத்தில் ஜலமும் மேட்டில் உப்பும் தங்கிவிடும். ஜிப்சத்தைத் தூளாக்கிச் சமமாகத் தூவி, மேல் மண்ணில் மட்டும் கலக்கவும். ஆழமாக உழுது புதைத்தல் வேண்டாம். அறிக்கையிற் கண்ட ஜிப்சத் தேவையில் பாதியளவு இட்டு நெல் சாகுபடியைத் தொடங்குவது தமிழ்நாட்டில் வழக்கம். கடுமையான களர்கள் மிகுந்த வடநாட்டில், 1969-ல் கர்னாலில் நிறுவப்பட்ட மத்திய உப்புநில ஆராய்ச்சி நிலையத்தின் முறைப்படி, ஹெக்டேருக்கு 10 முதல் 15 டன் வரை ஜிப்சம் இட்டுப் பரந்த தரிசுகளை நெல்லும் கோதுமையும் விளையும் பூமியாக மாற்றியுள்ளனர்.

பின்னர் நல்ல ஜலத்தைத் தேக்குக. ஜிப்சம் லிட்டருக்கு 2 முதல் 2½ கிராம் வரையே சுத்த நீரில் கரையும். ஓர் ஏக்கரில் 10 சென்டிமீட்டர் உயரம் நிறுத்திய ஜலம் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். அது கரைக்கக்கூடியது 800 முதல் 1,000 கிலோ மட்டுமே. மண் கால்சியத்தை ஈர்த்துக்கொள்ளுந்தோறும் மேலும் சிறிது கரையுமாயினும், 2 டன் இட்ட நிலத்திற்கு ஒரு முறை தேக்கிய ஜலம் போதாது. தேக்கிய ஜலத்தை உடனே மேலாகத் திறந்துவிட்டால் விலை கொடுத்து வாங்கிய ஜிப்சமும் அதனுடன் ஓடிவிடும். மண் வழியே இறங்க அவகாசம் கொடுத்து, மீதியை வடித்து, மறுபடியும் தேக்குக.

கழுவியபின் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாட்களில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுக. முதற் பயிராக நெல்லே உத்தமம். அது தேங்கிய ஜலத்தைத் தாங்கும். அதன் வேர்கள் விடும் கரியமில வாயுவும் நிலத்தைத் திருத்த உதவும். கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகிய ரகங்கள் களரைத் தாங்கக்கூடியவை. இளநாற்றை விட 30 முதல் 35 நாள் வயதுள்ள நாற்றை, குத்துக்கு மூன்று நான்காக நடுவது நலம். களரில் துத்தநாகம் பயிருக்கு எட்டாதாகையால், ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டு இடுக.

தழைச்சத்து விஷயத்திலும் க்ஷாரத்தை நினைவிற் கொள்க. சிறிது அம்மோனியம் சல்பேட்டுடன் சுண்ணாம்பைச் சேர்த்துத் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். க்ஷாரம் பட்டவுடன் அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடுவதே அந்நெடி. களர் வயலின் மேற்பரப்பில் வீசிய யூரியாவுக்கும் இந்தக் கதியே நேரும். ஆகவே வழக்கத்தைவிட 100-க்கு 25 பங்கு தழைச்சத்தை அதிகப்படுத்தி, பல தவணைகளாகப் பிரித்து இடவேண்டும்.

வடிகால் பொதுச் சொத்து

இதுவரை கூறியவை ஒவ்வொருவரும் தத்தம் நிலத்திற் செய்யக்கூடியவை. இனிக் கூறுவது ஊரார் கூடிச் செய்யவேண்டியது. ரசாயனம் எதனையும் இல்லாமற் செய்துவிடுவதில்லை. உருவை மாற்றுகிறது, அவ்வளவே. களரிலிருந்து விடுபட்ட சோடியம் எங்கேனும் போயாக வேண்டும். வடிகால் வாய்க்கால் செடி முளைத்து மேடிட்டிருந்தாலும், கரையோரம் உள்ளவர் அதைச் சிறுகச் சிறுக வயலுடன் சேர்த்துக்கொண்டிருந்தாலும், மேலண்டை வயலில் கழுவிய உப்பு கீழண்டை வயலில் வந்து தங்கும். ஒருவர் நிலம் திருந்த மற்றொருவர் நிலம் கெடும். கோடையில் நிலத்தடி நீர் மேலேறி, கழுவியவர் நிலத்திலும் உப்பு மறுபடி பூக்கும்.

ஆதலின் கிராம அதிகாரிகள் நிலத்தைத் திருத்தும் முயற்சி தொடங்குமுன் வடிகாலின் முழு நீளத்தையும் நடந்து பார்த்து, அடைப்பும் ஆக்கிரமிப்பும் இருப்பின் நீக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஒரே பருவத்தில் மாதிரி எடுத்து, ஒரே பருவத்தில் ஜிப்சம் இட்டுக் கழுவுவது யாவருக்கும் நன்மை. எந்த வயலில் எந்த வருஷம் என்ன பி.எச். இருந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், நிலம் திருந்துகிறதா, மீண்டும் கெடுகிறதா என்பது சில வருஷங்களில் ஐயமின்றி விளங்கும்.

திருவள்ளுவர் கல்லாதவர்க்கு விளைவற்ற களர் நிலத்தை உவமை கூறினார். கல்லாதவருக்குக் கல்வி பயன் தருவதுபோலக் களருக்கும் தக்க மருந்துண்டு என்பதை நாம் இன்று அறிவோம். அம்மருந்தை வாங்குமுன் வியாதி இன்னதென்று தெரிந்துகொள்க. வெண்மையாகப் பூத்த உப்பு ஒன்றுபோலவே தோன்றும்; ஒரு குப்பி மழை நீரும், ஒரு துண்டு மஞ்சள் காகிதமும், அரைக் கிலோ மண்ணும் அதன் உண்மையைச் சொல்லிவிடும். இந்த அறுவடை முடிந்தவுடன், அடுத்த போகத்திற்கு ஜலம் விடுமுன், அந்தச் சிறு வேலையைச் செய்து முடிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.